நான் கழுவிவைத்த ஐந்து கற்கள்

ஆய்வகத்தின் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து ஐந்து கற்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பார்சலில் வரும் பெட்டியைப் பிரித்து அடுக்கி வை என்றுதான் அக்கா போனில் சொல்லியிருந்தார். கல்லெல்லாம் ஒரே சேறு. பளிச்சென்று வைத்தால் பாராட்டுவார் என்று நினைத்தேன். இந்த அதிகப்பிரசங்கித்தனம் எனக்குப் பிறவியிலேயே உண்டு.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. திருச்சியில் நாங்கள் இருந்த நிலவியல் துறையில் என்னைவிட நான்கு ஆண்டு மூத்த ஆய்வு மாணவி. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். காவிரிக்கரையில் பிறந்தவருக்கு இமயமலை அடிவாரத்தின் மேல்தான் பைத்தியம். மலை உயர உயர அதன் காலடி நிலம் அமிழும். அந்தப் பள்ளத்தில் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். வண்டல் இறுகிப் பாறையாகும். பூமி அப்போதும் சும்மா இருக்காது, நெரித்து நெரித்து அந்தப் பாறையையே புரட்டிப் போட்டுவிடும். எங்கே புரண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. அதனால் கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே, மேல்பக்கம் எது என்று அதன்மேல் அம்புக்குறி போட்டுவிடுவார். குறி இல்லாவிட்டால் அது வெறும் கல். அந்த முறை பெயிண்ட் தீர்ந்துபோய் ஸ்கெட்ச் பேனாவால் போட்டிருந்தார். நான் தேய்த்த தேய்ப்பில் ஐந்து குறிகளும் தண்ணீரோடு போய்விட்டன.

அன்றே சொல்லியிருந்தால் கொஞ்சம் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? ஒரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் குத்துமதிப்பாக ஐந்து அம்புகளை வரைந்துவைத்தேன்.

அவற்றை நம்பி, ஒரு சரிவு முழுவதும் தலைகீழாகப் புரண்டது என்று அக்கா எழுதினார். கட்டுரை வெளிவந்த அன்று துறைக்கே ஜாங்கிரி வாங்கிவந்தார். வெட்கமில்லாமல் நானும் இரண்டு தின்றேன். பிறகு வேறொரு குழு அங்கே போய்ப் பார்த்து, எதுவும் புரளவில்லை என்றது. அக்கா இட்டுக்கட்டி எழுதினார் என்று புகார் வந்து, விசாரணை வைத்தார்கள். எங்கே தப்பு நடந்தது என்று அவருக்கே பிடிபடவில்லை. பெட்டியைப் பிரித்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். எல்லார் முன்னாலும் அக்கா கேட்டார்:

"கல்லுல ஏதாவது ஆச்சாப்பா? ஆயிருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"ஒண்ணும் ஆகலைக்கா."

அந்த ஒரு பொய்யில் அவருடைய பட்டம் போயிற்று, பெயரும் போயிற்று. நான் முனைவரானேன். இன்று அதே துறைக்குத் தலைவர்.

போன மாதம் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அக்கா பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி, மன்னித்துவிடுங்கள் என்று அழுதேன். முழுவதையும் கேட்டார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. யுனிவர்சிட்டிக்கு அனுப்பறேன்."

வேலை, ஓய்வூதியம், மகளின் கல்யாணம் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"பசங்க வர்ற நேரம். போயிட்டு வா."

ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்தக் கடிதத்தை இன்னும் எழுதவில்லை. எழுத முடிந்தது இதை மட்டும்தான். இதிலும் என் பெயரைப் போடவில்லை.