முடிச்சைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்

மனசில் ஓயாமல் வரும் பயத்துக்கு வைத்தியம் பார்க்கும் தொழிலில், வருகிறவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கே பாதிப் படிப்பு போய்விடுகிறது. அந்தப் பயத்தை ஓ.சி.டி. என்பார்கள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான். பூட்டை இழுத்து இழுத்துத் தாழ்ப்பாளையே கையோடு கொண்டுவந்தவள். சிகிச்சை எடுத்துத் தேறி, பிறகு அதையே படித்து, இப்போது வாரம் இரண்டு நாள் மீஞ்சூரிலிருந்து பஸ் ஏறிப் பழவேற்காட்டில் ஒரு வாடகை அறையில் உட்காருகிறேன். அங்கே என்னைத் தூக்கிவாரிப் போட்ட ஒருவரின் கதை இது.

நாற்பது முடிச்சு

ஏழுமலைக்கு ஏரியில் வலை கட்டும் வேலை. கழி நட்டு, அதில் வலையைக் கட்டி, இறாலுக்குக் காத்திருக்க வேண்டும். இவரோ கட்டிய முடிச்சை நாற்பது தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். முடிச்சு விட்டு, கூடவே படகில் வரும் மச்சான் சேகரின் காலில் வலை சுற்றி, அவன் மூழ்கிவிடுவான், கொன்றது நீதான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்குமாம். கயிறு உரசி விரலெல்லாம் புண். எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். முறைநாள் தவறினால் தவறியதுதான். இவரால் இரண்டு பாடு போயிற்று. மூன்றாவதும் போனால் வேறு ஆளைப் படகில் ஏற்றிக்கொள்வோம் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். அதற்கு மூன்று வாரம் இருந்தது.

தெம்பாக இருக்கட்டுமே என்று, "எனக்கும் இதே வியாதிதான்" என்றேன். மனிதர் அரண்டு எழுந்துவிட்டார். மனைவி தேவகியிடம் சொன்னார்:

"இன்னாடி இது, அவங்களுக்கே கீதாம். எனுக்கு இன்னா பாக்கப் போறாங்க?"

பதில் சொல்ல ஆள்

கரைக்கே போய்ப் பார்த்தேன். ஏழுமலை படகில் ஒரு முடிச்சைப் போட்டு, "சரியா கீதா?" என்றார். சேகர், "கீது மாமா" என்றான். மறுபடி அவிழ்த்தார், கட்டினார், கேட்டார். "கீது மாமா." விசாரித்தபோது அசந்து போனேன். வலைக்கு முறை வைத்ததுபோல, இவருக்குப் பதில் சொல்லவும் நான்கு கூட்டாளிகளும் முறை வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சேகரின் முறை.

நீங்கள் சொல்லும் ஒவ்வொரு "கீது"வும் அந்தப் பயத்துக்குப் போடும் தீனி, இனி அவர் கேட்டால் யாரும் பதில் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "முடிச்சைப் பற்றிக் கேட்டால்" என்று சேர்த்துச் சொன்னேனா இல்லையா என்பதை இன்றுவரை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். சேகர் முகம் சுண்டிவிட்டது.

"ஒரு வார்த்ததான மேடம்? அதக்கூட சொல்லாத வாய் இன்னாத்துக்கு?"

ஊர் வாயை மூடியது

அடுத்த வாரம் தேவகி தனியாக வந்து அழுதார். ஊரில் ஒருவரும் ஏழுமலையோடு பேசுவதில்லை. டீக்கடையில் டீயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு ஊரே கூட்டம் போட்டு முடிவெடுத்ததாம். இந்தக் கரையில் ஒருவரோடு பேசக்கூடாது என்று ஊர் சொன்னால், அது பெரிய குற்றத்துக்குத் தண்டனை. சேகர் உயிரோடு எதிரில் வந்து நிற்கிறான், அவனும் வாய் திறப்பதில்லை. ஏழுமலை வீட்டைவிட்டு வெளியே வராமல், "முடிச்சு வுட்டு யாரோ செத்துட்டாங்க, என்னாண்ட மறைக்கிறீங்க, யாருடி அது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

என் ஒரு வார்த்தையால் ஒரு மனிதரை ஊரே தள்ளிவைத்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஊர்த்தலைவர் வீட்டுக்கு ஓடினேன். முடிச்சைப் பற்றி மட்டும் பேசாதீர்கள், மற்றதெல்லாம் பேசுங்கள், திட்டக்கூடச் செய்யுங்கள் என்று கெஞ்சினேன். அன்றைக்கே கூட்டம் போட்டு மாற்றுவதாக ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவருக்கு என்மேல் வருத்தம்தான்.

"உங்க பேச்ச இந்த ஊருல ஒருத்தர் மீறல மேடம். இப்ப நீங்களே மீறச் சொல்றீங்க."

மூன்றாவது முறை

ஏழுமலையிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே அவர் பயிற்சிக்கு வந்தார். ஒரு முடிச்சு, ஒரே தடவை, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பயம் தானாக வடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வியர்த்துக் கொட்டியது. உட்கார்ந்திருந்தார்.

முறைநாள் வந்தது. நான் மீஞ்சூரில் வீட்டில் இருந்தேன். மதியம் தேவகிக்குப் போன் செய்தேன். படகு புறப்பட்டுவிட்டதாம். ஒரே தடவைதான் கட்டுவாரா என்று கேட்க மறுபடி போன். சேகர் வாயைத் திறக்காமல் இருப்பானா என்று மறுபடி. இன்றைக்கும் தவறினால் அந்த வீட்டுச் சோற்றில் மண் போட்டது நான்தான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஆறாவது தடவை போனை எடுத்த தேவகி நிதானமாகச் சொன்னார்:

"மேடம், இந்த மாதிரி கேள்விக்கு பதில் சொல்லக்கூடாதுனு நீங்கதான சொன்னீங்க. வெக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ஏழுமலை தன் பங்கிலிருந்து ஒரு பை இறாலைக் கட்டி என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்தப் பையின் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று மீஞ்சூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை இழுத்துப் பார்த்தது நான்தான், அன்பர்களே.