அத்தான் போடாத நீல டிராயர்

என் பீரோவின் அடித்தட்டில், மேடைகளில் எனக்குப் போர்த்திய சால்வைகளுக்கெல்லாம் கீழே, ஒரு நீல நைலான் டிராயர் கிடக்கிறது. கும்பகோணம் கடைத்தெருவில் வாங்கியது. இடுப்புப் பட்டியில் கடைச் சீட்டு இன்னும் தொங்குகிறது. ஓட்டு வீட்டிலிருந்து மாடி வீடு, மாடி வீட்டிலிருந்து இப்போது இருக்கிற கிரானைட் போட்ட வீடு என்று மாறி வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பழையதையெல்லாம் கழித்துக்கட்டிய என் வீட்டுக்காரி, இதை மட்டும் ஒன்றும் கேட்காமல் எடுத்து வைத்துவிடுவாள். அது என்னுடையது இல்லை. அக்கா தன் புருஷனுக்கு வாங்கியது. அத்தான் அதை ஒரு நாளும் போட்டதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நெல் மூட்டை தூக்கினேன், டிராக்டர் ஓட்டினேன், பிறகு டிராக்டரே வாங்கினேன். இன்றைக்குக் கதிர் அறுக்கும் மெஷின்கள் என் கொட்டகையில் வரிசையாக நிற்கின்றன. வலங்கைமான் பக்கம் வந்து என் பேரைச் சொன்னால் டீக்கடைக்காரர் வழி காட்டுவது மட்டுமில்லை, கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போவார். ஆனால் மெஷினெல்லாம் பின்னால் வந்தது. அதற்கு முன்பே எனக்குப் பேர் வாங்கித் தந்தது கூட்டம். எங்கள் கட்சி மாநாடு எந்த ஊரில் நடந்தாலும் ஒன்றியத்திலிருந்து ஆள் ஏற்றிப் போகிற பொறுப்பு என்னுடையது. லாரிக்கு எத்தனை பேர், புளிசாதம் எவ்வளவு கிளற வேண்டும், தண்ணீர் டிரம்மை எங்கே வைத்தால் உருளாது, வயசானவர்களை எந்த ஓரம் உட்கார வைத்தால் வாந்தி வராது, எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. முன்னால் கொடி பறக்கிற வண்டியை எந்தப் போலீஸ்காரனும் நிறுத்தியதில்லை. எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பந்தலில் எங்களுக்கு இடம் இருந்தது. கூட்டம் என்றாலே வரவேற்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அத்தான் வேறு கொடி. விவசாயிகள் சங்கத்தில் இருந்தார். கல்யாணத்தன்றே என்னிடம், "மாப்ள, பொண்ணு குடுத்த வீடுங்கிறதால உங்க கட்சிய வைய மாட்டேன், எதிரே நீங்க இல்லாதப்ப வஞ்சுக்கிறேன்" என்று சொன்னவர். ஒல்லியான ஆள். ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் அவர் வேறு ஆள். ஆடிப்பெருக்கன்று குடமுருட்டி ஆற்று மதகுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, கோவணத்தை இறுக்கிக்கொண்டு, கரையில் நிற்கிற பெண்டுகள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்தக் குதிப்பார். உள்ளே போனவர் மேலே வரவே மாட்டார். அக்கா மட்டும் பயப்படாமல் காப்பரிசியை மென்றுகொண்டிருப்பாள். வெகு தூரம் தள்ளி நாணல் பக்கம் தலை தெரியும், அப்புறம் அந்தச் சிரிப்புச் சத்தம் வரும். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று அக்கா என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

அவருடைய அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்த நிலம் ஒன்று இருந்தது. மிராசுதார் பட்டணத்தோடு போய்விட்டார். நிலத்தை வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். குத்தகைதாரர் பதிவில் அத்தான் பேர் இல்லை என்றார்கள், இருக்கிறது என்று சங்கம் சொன்னது, கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் என்று அலைச்சல். நானும் ஒன்றியச் செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்றேன். நிலத்தை வாங்கினவர் எங்கள் கட்சியில் பெரிய இடத்துக்கு வேண்டியவர். "கோர்ட்டுல இருக்கு தம்பி, நாம என்ன பேசறது" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். கடைசியில் ஒரு நாள் போலீஸ் வந்து நிற்க, வரப்பில் முள்வேலி அடித்தார்கள். அந்த வருஷம் பார்த்து ஆற்றிலும் தண்ணீர் விடவில்லை. குறுவை கிடையாது, சம்பா பாதிக்கு மேல் சாவி, உதிர்த்தால் உமிதான் வந்தது. ஆடிப்பெருக்கன்று பெண்கள் குடத்துத் தண்ணீரை மணலில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அத்தான் ஆற்றுப் பக்கமே போகவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. கேட்டால் ம் என்பார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

தை பிறந்ததும் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விடுவது என்று முடிவானது. மார்கழிக் கடைசியில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "மெட்ராஸ்ல தண்ணி விளையாட்டு எடம் ஒண்ணு இருக்காமேடா, குளத்துலயே அலை அடிக்குமாம். போறதுக்கு முன்னாடி ஒரு நாள் இவர அங்க கூட்டிட்டுப் போயேன். அந்த மனுசன் தண்ணில எறங்கி ஒரு வருசம் ஆச்சு. ஒரு தடவ முங்கி எந்திரிச்சு அந்தச் சிரிப்பச் சிரிச்சுட்டாருன்னா போதும். அப்புறம் திருப்பூரோ எங்கயோ, நான் சமாளிச்சுக்குவேன்."

இவ்வளவுதானா என்று கேட்டேன். உடனே ஏற்பாட்டில் இறங்கிவிட்டேன். காணும் பொங்கலன்று போவது என்று நாள் குறித்தேன். அன்றைக்குத்தான் மெஷினும் ஓடாது, மனுஷனும் ஓட மாட்டான், பிள்ளைகளுக்கும் லீவு. எதிர்வீட்டு வாத்தியார் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்தவர். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காணும் பொங்கல் அன்னைக்கா? வேணாங்க. மெட்ராஸே அங்கதான் நிக்கும். வேற நாள் பாருங்க." நான் சொன்னேன், "வாத்தியாரே, கூட்டத்தக் கூட்டுறவன் நான். எனக்கே பூச்சாண்டி காட்டுறீங்களே." அப்புறம் அவர், வேட்டி, லுங்கியோடு தண்ணீரில் விடமாட்டார்கள், நைலானில் டிராயர் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அதற்காக அக்காவும் நானும் கும்பகோணம் போனோம். கடைக்காரர் இடுப்பு அளவு கேட்டார். அக்காவுக்கு நம்பர் தெரியவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் வளைத்து, விரல்களைக் கோத்து, "இவ்வளவுதாங்க இருப்பாரு" என்று காட்டினாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுக்கச் சொன்னேன். "எனக்குத் தெரியாதாடா" என்று சொல்லி நீலத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டில் அதைப் பிரித்துக் காட்டியபோது அத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு நான் எந்த ஸ்கூலுக்குப் போவணும்?" என்றார். பல மாதம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு அதுதான். அக்கா அதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காணும் பொங்கலன்று விடியாத கருக்கலில் வேன் புறப்பட்டது. இரண்டு குடும்பம், ஒரு டிரம் தண்ணீர், ஒரு அண்டா புளிசாதம், முன்னால் எங்கள் கட்சிக் கொடி. கொடியைப் பார்த்துவிட்டு அத்தான் ஏறாமல் நின்றார். "இது இருந்தாத்தான் வழியில எவனும் மறிக்க மாட்டான் அத்தான்" என்றேன். "சரி மாப்ள, இதப் பாத்துட்டு அலையும் ஒதுங்கி வழி விடுமான்னு பாப்போம்" என்று ஏறிக்கொண்டார். வேனே சிரித்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

திண்டிவனம் தாண்டும் வரைக்கும் நான் சொன்னபடிதான் நடந்தது. அதற்கப்புறம் சாலை நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் வேன், வேனுக்கு முன்னால் பஸ், பஸ்ஸுக்கு முன்னால் லாரி, எல்லாவற்றிலும் பிள்ளைகள், எல்லாவற்றிலும் புளிசாத வாசனை. நான் இறங்கி முன்னால் நடந்து, கொடியைக் காட்டி, ஒரு போலீஸ்காரரிடம் ஒன்றியத்தின் பேரைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பின்னால் கையை நீட்டினார். பார்த்தால் எங்கள் கொடியே வரிசையாக எத்தனையோ வண்டியில் பறக்கிறது. எல்லா ஒன்றியத்துக்காரனும் குடும்பத்தோடு வந்திருக்கிறான்.

ஊர்ந்து ஊர்ந்து நாங்கள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். இரும்புக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே கொள்கிற அளவு நிரம்பிவிட்டதாம், இனி யாரையும் விடமாட்டார்களாம், மைக்கில் ஒரு பெண் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியில் நின்ற ஜனம் எங்கள் மாநாட்டு ஜனம் போலவே இருந்தது. ஆனால் இதை யாரும் வா வா என்று அழைக்கவில்லை. நான் முண்டியடித்துக் கம்பிக்குப் பக்கத்தில் போனேன். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வருகிறோம், பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரே ஒரு ஆளை மட்டும் விடுங்கள், ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிடுவார் என்றுகூடக் கேட்டேன். காவலாளி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, நான் திறந்தா என் வேலை போயிடுங்க. நீங்களே பாருங்க, எல்லாரும் தூரத்துலேர்ந்து வந்தவங்கதான்."  எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று ஒன்றியச் செயலாளருக்குப் போன் போட்டேன். "அது தனியார் எடம்ப்பா, கவர்மெண்டா என்ன, நான் ஒரு சொல்லு சொல்ல? வேற எங்கயாச்சும் பீச்சு கீச்சு பாத்துட்டு வாங்க" என்று வைத்துவிட்டார். பூத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா வேன் நிழலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் டிராயர் வைத்த பை. நான் வருகிற நடையைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மதில் ஓரமாகப் பாயை விரித்துப் புளிசாதம் சாப்பிட்டோம். மதிலுக்கு மேலே ராட்டினம் வந்து வந்து போயிற்று. உள்ளே சங்கு ஊதும், பிறகு ஜனமெல்லாம் சேர்ந்து ஓ என்று கத்தும். அலை விடுகிறார்கள் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டன. அத்தான் சாப்பிடாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து மதிலோடு பின்பக்கம் நடந்தார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் பின்னாலேயே போனேன், அவளும் வந்தாள்.

பின்பக்கம் மதிலுக்கு அடியில் ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குளத்திலிருந்து கழிக்கிற தண்ணீர். பளிங்கு மாதிரி தெளிவு. கொட்டி, ஒரு வாய்க்கால் வழியாக ஓடி, மனைக்கல் நட்ட தரிசில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் யாரோ கத்தரி போட்டிருந்தார்கள், இலை தொங்கி வாடிக் கிடந்தது. அத்தான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கணுக்கால் நனைந்ததும் அவர் உடம்பு நிமிர்ந்தது, அதை நான் பார்த்தேன். குதிகாலால் கரையைக் கிள்ளி, தண்ணீர் பாய ஒரு வாய் வெட்டினார். இரண்டு கையாலும் சேற்றை அள்ளிக் குறுக்கே அணை போட்டார். தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கத்தரிப் பாத்தி பக்கம் திரும்பியது. கரைமேல் அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர் முகம் இளகிக்கொண்டே வருகிறது. இதோ சிரித்துவிடுவார், இதோ என்று நானும் கிட்டே போனேன்.

அப்போது அவர் ஒரு கை அள்ளி முகத்துக்குக் கொண்டு போனார். நின்றார். மறுபடி முகர்ந்து பார்த்தார். "மருந்து வாடை அடிக்குது" என்றார். "செடி கருகிடும்." அவசர அவசரமாகக் குனிந்து, வெட்டின வாயைத் தானே அடைத்தார். அணையைக் கலைத்தார். பாத்தியில் ஏறியிருந்த கொஞ்சத் தண்ணீரையும் கையால் வாரி வாரி வெளியே ஊற்றினார். தண்ணீர் பழையபடி தரிசுக்குப் போயிற்று. கரையேறி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வேனுக்கு நடந்தார். அக்கா அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "கால நனைச்சுட்டாருல்ல. வண்டிய எடுக்கச் சொல்லு" என்றாள். நாலு மாவட்டத்துக்கு லாரி அனுப்பினவன் நான். அந்த இடத்தில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

திருப்பூருக்குக் கிளம்பின அன்று அக்கா அந்தப் பையை என் வீட்டில் வைத்துவிட்டாள். "அங்க எதுக்கு இது" என்றாள். அத்தானுக்குச் சாயப்பட்டறையில் வேலை கிடைத்தது. நாள் முழுக்கத் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். ஒரு தடவை பார்க்கப் போனபோது சொன்னார், "ஒரு நா பச்சை, ஒரு நா செவப்பு. தண்ணியோட நெறம் என்னன்னே மறந்துபோச்சு மாப்ள." ஆற்றில் தண்ணீர் வந்த வருஷங்களிலும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கேயே முடிந்துபோனார். அக்கா பிள்ளையோடு அங்கேயே இருக்கிறாள்.

இந்தப் பொங்கலுக்கு என் மகன் குடும்பம் ஊருக்கு வந்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து ஆளுக்கொரு செல்போனோடு உட்கார்ந்து தண்ணீர் விளையாட்டு இடத்துக்கு டிக்கெட் தேடுகிறார்கள். காணும் பொங்கல் நிரம்பிவிட்டதாம், அதற்கு மறுநாளும் நிரம்பிவிட்டதாம். "தாத்தா, உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே, யாருகிட்டயாவது சொல்லுங்களேன்" என்றான் பேரன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை. எப்படியோ விடிகாலையில் டிக்கெட் விழுந்துவிட்டது, எனக்கும் சேர்த்து. நைலான் டிராயர் இருக்கிறதா என்று மருமகள் கேட்டது.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சால்வைகளையெல்லாம் எடுத்து ஓரம் வைத்துவிட்டு, அந்த நீலத்தை வெளியே எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஏற்றிப் பார்த்தேன். என் தொடையையே தாண்டவில்லை. கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு கைகளையும் முன்னால் வளைத்து, விரல்களைக் கோத்து, அக்கா கடையில் காட்டின மாதிரி பிடித்து, மடியில் கிடந்த டிராயரின் இடுப்பைச் சுற்றி வைத்தேன். சரியாக இருந்தது.