லாத்தாய் கேட்ட கேள்வி

டோங்கா நாட்டின் மோட்டுலோவாத் தீவில் லாத்தாயிடம் ஊசி போட்டுக்கொள்ளப் போனவர்கள், பஞ்சை அழுத்திக்கொண்டு, "எப்ப போட்டே?" என்று கேட்டபடி எழுந்து வருவார்கள். பன்றி குட்டி போட்டதா, பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில் ஏன் அப்படி இழுத்தார் என்று அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அதற்குள் காரியம் முடிந்திருக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தத் தீவுக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ். டாக்டர் என்றால் தொலைபேசியில் வரும் குரல், அவ்வளவே. நேராகக் கேட்டால் எங்கள் ஆட்கள் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். "குடிக்கிறியா?" என்று ஒருவனையும் கேட்டதில்லை. "நேத்து காவா கொட்டகையில யார் பாட்டு நல்லாருந்துச்சு?" என்றுதான் ஆரம்பிப்பாள். காவா என்பது ஆண்கள் இரவில் கூடிக் குடிக்கும் வேர்ச் சாறு.

அவளுடைய சாமர்த்தியம் செல்லாத இடமும் ஒன்று இருந்தது. டோங்காவில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு வேலி உண்டு. வயதுக்கு வந்தபின் ஒரே அறையில் படுப்பதில்லை. ஒருவர் காதுபட மற்றவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சித்தி பெரியம்மா பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். அதனால்தான் லாத்தாயின் சித்தி மகன் கெலேபி, காய்ச்சல் வந்தால்கூட ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டான். மனைவி அக்கனேசியை அனுப்பி மாத்திரை வாங்கிக்கொள்வான்.

அந்தக் கெலேபியை ஒரு புதன்கிழமை காலை, கழற்றிய கதவு ஒன்றில் கிடத்தித் தூக்கி வந்தார்கள்.

"ஈரப்பலா மரத்துலேருந்து விழுந்துட்டான். இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றான் பவுலியாசி. அவன் படகில்தான் கெலேபி வேலை பார்த்தான். "மத்தியான விமானத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரு. இப்பவே கிளம்பினாத்தான் பக்கத்துத் தீவுக்குப் போய் அதைப் பிடிக்க முடியும்."

லாத்தாய் கெலேபியின் பாதத்தில் ஊசி முனையால் மெல்லத் தொட்டாள். அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முழங்காலில் குத்தினாள். அசைவில்லை. முதுகைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, கன்றிப்போன இடம் இல்லை. மரத்திலிருந்து விழுந்தவன் முதுகு இப்படி இருக்காது. அவன் கண்களையும் மூக்கையும் சுற்றி, கடலில் முங்கும்போது போடும் முகமூடி அழுத்திய சிவப்பு வளையம் இன்னும் மாறவில்லை.

உள்ளே போய் டாக்டருக்குப் பேசினாள். கடலட்டை எடுக்க காற்றுச் சிலிண்டர் கட்டி முங்கக் கூடாது என்பது சட்டம். பிடிபட்டால் படகு போகும், ஜெயிலும் உண்டு. ஆனாலும் முங்குகிறவர்கள் முங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"விழுந்ததுன்னா பலகையில கட்டி மத்தியான விமானத்துல ஏத்திரு" என்றார் டாக்டர். "முங்குனதுன்னா அதுல ஏத்தவே கூடாது. உடம்புக்குள்ள காத்துக் குமிழி இருக்கும். விமானம் மேல போகப் போக அது பெருசாகும். கால் மட்டுமில்ல, உயிரே போகலாம். தாழப் பறக்கிற சின்ன விமானத்தை நான் கேட்டு வாங்கணும், வெளிநாட்டுல குமிழியைக் கரைக்கிற அழுத்த அறைக்குச் சொல்லணும். சந்தேகத்தை வெச்சுக்கிட்டு அதெல்லாம் கேட்க முடியாது, லாத்தாய். எத்தனை தடவை முங்கினான், எவ்வளவு ஆழம், சிறுநீர் போறானா? அவன் வாயால தெரியணும்."

அவன் வாயால். லாத்தாய் தொலைபேசியை வைத்தாள்.

முதலில் அக்கனேசியைக் கூப்பிட்டாள். "நீ கேளு. கடல்ல இறங்கினானான்னு கேளு. ஒண்ணுக்குப் போனானான்னு கேளு. நான் வெளிய நிக்கிறேன்."

அக்கனேசி கேட்டாள். வாசலுக்கு வெளியே நின்ற லாத்தாய்க்கு அவன் பதில் கேட்டது.

"மரத்துலேருந்துதான் விழுந்தேன். அதெல்லாம் நல்லாத்தான் போறேன். சும்மா தொணதொணங்காதே."

அக்கனேசி முகம் வெளுத்து வெளியே வந்தாள். "போன வருஷம் அவன் கூட்டாளி செத்தப்ப பைபிள் மேல கை வெச்சு எங்கிட்ட சத்தியம் பண்ணான் அண்ணி, இனிமே சிலிண்டர் கட்ட மாட்டேன்னு. எங்கிட்ட சொல்ல மாட்டான். அவன் வயித்தைப் பாத்தீங்களா? கல்லு மாதிரி இருக்கு."

மனைவியிடம் சொன்னால் சத்தியம் உடையும். அக்காவிடம் சொன்னால் வேலி உடையும். பவுலியாசி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன யோசனை? விமானம் நிக்காது" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "நீ பாட்டுக்கு எதையாச்சும் எழுதி போலீசு வந்துதுன்னா, ஏழு குடும்பம் தெருவுக்கு வந்துரும். ஞாபகம் வெச்சுக்க."

"என் நோட்டுல உடம்பைத்தான் எழுதுவேன். சட்டத்தை எழுதுறது என் வேலையில்ல" என்றாள் லாத்தாய். "நீ போய் படகுல பாய் விரிச்சு வை. போ. அக்கனேசி, நீயும் கொஞ்ச நேரம் வெளிய இரு."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கெலேபி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளும் அவனைப் பார்க்காமல், முதுகைக் காட்டி, மருந்து அலமாரியைப் பார்த்து நின்றாள். பன்றியைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் எதுவும் வாயில் வரவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

"கெலேபி, நான் இப்ப உன் அக்கா இல்ல, வெறும் நர்ஸுதான்னு சொன்னா அது பொய். அக்காவாத்தான் நிக்கிறேன். எனக்கும் கூசுது. பாக்காதே, சொல்றேன்."

அவன் நகத்தால் சுவரைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"அக்கா கேட்டா தம்பி இல்லேன்னு சொல்லக் கூடாதுங்கிறதும் நம்ம வழக்கம்தான். இந்த நாப்பது வருஷத்துல உங்கிட்ட ஒரு கிழங்குகூட நான் கேட்டதில்ல. இப்ப கேக்கிறேன். நேத்து எத்தனை முங்கு?"

வெளியே பவுலியாசி யாரையோ அதட்டினான். லாத்தாய் இன்னொரு வார்த்தை பேசவில்லை. வாழ்நாளில் அவள் அவ்வளவு நேரம் ஒரு நோயாளி முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

"நாலு" என்றான் கெலேபி.

"ஆழம்?"

"ஐம்பது மீட்டர் இருக்கும். கடைசி முங்குல காத்து தீந்துபோச்சு. ஒரே மூச்சுல மேல வந்தேன்."

இனி அந்தக் கேள்வி. அவள் அலமாரிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே?"

அவன் அழ ஆரம்பித்தான். பெரிய உடம்புக்காரன். கட்டில் குலுங்கியது. இடுப்புக்குக் கீழே மட்டும் எதுவும் அசையவில்லை.

"நேத்து மத்தியானம். வரவே மாட்டேங்குது. வெடிச்சிரும்போல இருக்கு அக்கா."

அதற்குமேல் லாத்தாய் தயங்கவில்லை. இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து, அதன் முகமூடியை அவன் மூக்கிலும் வாயிலும் வைத்தாள். டாக்டருக்கு மூன்றே வரியில் சொன்னாள். அக்கனேசியை உள்ளே கூப்பிட்டு, அவன் கண்களைத் துண்டால் மூடி, கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு நூற்றுக்கணக்கான பேருக்குச் செய்த அந்த வேலையை, சிறுநீர்க் குழாய் செலுத்துவதை, தன் தம்பிக்குச் செய்தாள். குழாய் முதல் தடவை சரியாகப் போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி செய்தாள். பை நிரம்பத் தொடங்கியதும் கெலேபி நீளமாக மூச்சு விட்டான். துண்டுக்கு அடியில் அவன் முகம் எப்படி இருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

மத்தியான விமானம் அவன் இல்லாமலே போயிற்று. சின்ன விமானம் வர பிற்பகல் மூன்று மணியானது. படகில் அவனைத் தட்டையாகக் கிடத்தி, பக்கத்தில் லாத்தாய் உட்கார்ந்து, சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே, கால்வாசிக்கு, சிவப்புக்கு இறங்குவதையே பார்த்துக்கொண்டு போனாள். ஓடுபாதைக்குப் போய்ச் சேர்ந்தபோது முள் அடியில் படுத்திருந்தது. விமானத்தில் வேறு சிலிண்டர் இருந்தது. விமானம் அலையை உரசுவதுபோலத் தாழ்ந்தே பறந்து கண்ணுக்கு மறைந்தது.

கதை அதோடு முடியவில்லை. ஊர் சும்மா இருக்குமா? கெலேபியின் அம்மா, லாத்தாயின் சொந்தச் சித்தி, கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"அவன் அக்காவாடி நீ? வேற ஆளே கிடைக்கலியா?"

"இந்தத் தீவுல வேற ஆளு இருந்தா சொல்லுங்க சித்தி, கூட்டிட்டு வரேன்" என்றாள் லாத்தாய். அப்புறம் வீட்டுக்குப் போய் அழுதாள். வேறு தீவுக்கு மாற்றல் கேட்டுக் கடிதம்கூட எழுதினாள். நாலு மாதம் அதை அனுப்பாமல் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

நாலு மாதம் கழித்து கெலேபி கம்பு ஊன்றி நடந்து வந்தான். இடது கால் இழுத்தது. மற்றபடி எல்லாம் திரும்பியிருந்தது. அவளைப் பார்க்க வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் தலை குனிந்து ஒதுங்குவான், முன்பு ஒதுங்கியதைவிட இரண்டடி அதிகமாக. ஒரு வெள்ளிக்கிழமை அக்கனேசிதான் வந்தாள்.

"அண்ணி, இன்னிக்கு காவா கொட்டகையில முங்குறவங்க எல்லாரையும் கூட்டியிருக்கான். நீங்க வந்து பேசணுமாம். மறைக்காம, எல்லாத்தையும். பவுலியாசிகூட வரான்."

ஆண்கள் உட்காரும் இடம் அது. லாத்தாய் சபைக்குப் போகும்போது மரியாதைக்கு இடுப்பில் சுற்றும் பாயைப் பாவாடைக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனபோது கெலேபியைத் தவிரப் பத்தொன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கெலேபி எழுந்து, கம்பை ஊன்றி வெளியே போனான்.

லாத்தாய் சுற்றிப் பார்த்தாள். "நான் சொல்லப்போறது இடுப்புக்குக் கீழே நடக்கிற சமாச்சாரம். எனக்கு அண்ணன் தம்பி முறை ஆகுறவங்கல்லாம் வெளிய போயிருங்க."

சின்ன தீவு. பன்னிரண்டு பேர் எழுந்து போனார்கள். மீதி ஏழு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"இந்த ஏழு பேருக்காடா நான் தலை சீவிக்கிட்டு வந்தேன்?" என்றாள் லாத்தாய்.

ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம், வெளியே போன பன்னிரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி, முதுகை அதில் சாய்த்து, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கெலேபியின் கம்பும் தட்டி இடுக்கில் தெரிந்தது. லாத்தாய் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. ஏழு பேரைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் ஏழு பேருக்குத் தேவையானதைவிட ரொம்ப உரக்கப் பேசினாள்.