உளுந்து அடித்த பேட்டரி வண்டி

எண்பது பேருடைய மதியச் சாப்பாட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் உளுந்தை நான் கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன். சாப்பாடு என் மனைவி சமைத்தது. நான் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், தலை நரைத்தவன். இதை வெளியில் சொல்லாமல்தான் இருந்தேன். சொல்லாமலே பாதிப் பெரம்பலூருக்குத் தெரிந்துவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

என் மனைவி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறாள். நான் கல்லாவில் உட்கார்ந்து படிப்பேன், எப்போதாவது எழுதுவேன். வெளி ஆர்டர்களை ஒரு டீசல் லோடு ஆட்டோ கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிற தம்பி கிளம்பினால் தெருவே இருமும். ஒருநாள் அவரை நிறுத்திவைத்துக் காற்று மாசு பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அவர் பீடியை அணைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். கடைசியில், இனிமேல் அவர் வரவேண்டியதில்லை, நான் பேட்டரி வண்டி வாங்கியாயிற்று என்று சொன்னேன்.

அந்த வண்டியைப் பற்றி எட்டு மாதம் வீடியோ பார்த்திருந்தேன். சின்ன சரக்கு வண்டி, நகரத்துக்கென்றே பிறந்தது, சிறு வியாபாரிகளின் தோழன் என்றெல்லாம் சொன்னார்கள். எந்த நகரம் என்று சொல்லவில்லை. எங்கள் நகரம் பாலக்கரையில் ஆரம்பித்தால் மூன்று பாட்டு முடிவதற்குள் முடிந்துவிடும். ரேஞ்சு என்று, ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என ஓர் எண்ணையும் சொன்னார்கள். அது எந்த ஊர்ச் சாலையில், எந்தக் கடவுளின் மேற்பார்வையில் ஓட்டி எடுத்த எண்ணோ. ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டியவர், "இதோட டார்க் வேற லெவல் சார்" என்றார். டார்க் என்றால் வண்டியின் இழுவைச் சக்தி என்பது அன்று எனக்குத் தெரியாது. தலையாட்டினேன். தெரியாத வார்த்தைக்குத் தலையாட்டத் தெரிந்தவனைத்தான் ஊரில் படித்தவன் என்கிறார்கள்.

வண்டி வந்தது. குளிர்சாதனப் பெட்டியைப் படுக்கவைத்துச் சக்கரம் மாட்டியது போலிருந்தது. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சத்தம் போடாத எதையும் அந்தச் சாலையில் வண்டியென்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அதே சமயம்தான் என் மனைவிக்கு அந்த வாய்ப்பு வந்தது. ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலைக்காரர்கள் எண்பது பேருக்குத் தினமும் மதியச் சாப்பாடு. இதற்காக ஒரு வருடம் அலைந்திருக்கிறாள். சூப்பர்வைசர் மூன்று நாள் பார்க்கலாம் என்றார். மூன்று நாளும் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு ஆலை கேட்டில் இருந்தால் ஆர்டர் அவளுக்கு. முதல் நாள் நானே ஓட்டிப்போய் இருபது நிமிடம் முன்னதாக இறக்கினேன். அன்று மாலை மெஸ்ஸுக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் மின்வாகனங்களின் எதிர்காலம் பற்றித் தெரிந்துகொண்டு போனார்கள்.

இரண்டாம் நாள், குன்னம் தாண்டிக் கிளைச்சாலையில் திரும்பினேன். உளுந்து அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தார்ரோடெல்லாம் களம்தான். செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து அடித்துக் கொடுக்கும். எல்லா டிரைவரும் திட்டிக்கொண்டே மிதித்துப் போவார்கள். நானும் மிதித்தேன். தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மாள் கையில் கவைக்கோலுடன் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்க, வண்டி ஓடுதா, நிக்குதா? சத்தத்தையே காணோம்?"

"பேட்டரி வண்டிம்மா."

"பேட்டரியா? வெளாட்டுச் சாமான் மாதிரியில்ல இருக்கு! இது மிதிச்சா நெத்து ஒடையுமா? பஸ்ஸு வரட்டும், நீங்க போங்க."

மணி பதினொன்று ஐந்து. ஒரு புத்திசாலி போயிருப்பான். நான் வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன்.

"இதோட டார்க் தெரியுமாம்மா உங்களுக்கு?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும். அந்த ஓரத்துல மிதிங்க, அங்கதான் பச்சையா கெடக்கு."

மிதித்தேன். முன்னால் போனேன், பின்னால் வந்தேன். அந்த அம்மாள் டிராபிக் போலீஸ் மாதிரி கைகாட்டினார். "இன்னும் கொஞ்சம் வாங்க. ஆங், இப்ப இங்கிட்டு. பரவால்லயே, நல்லாத்தான் மிதிக்குது!" இந்தப் பாராட்டுக்கு நான் இன்னும் ஆறு தடவை போய்வந்தேன். பின்னால் சாம்பார் அண்டா ஒவ்வொரு திருப்பத்திலும் முனகியது. என் எழுத்தை யாராவது அப்படி நின்று பாராட்டியிருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது.

பிறகு ஒரு கரகரப்பு. வண்டி நின்றது. கண்ணாடிக்குக் கீழே ஓர் ஆமைப் படம் மஞ்சளாக எரிந்தது. எட்டு மாத வீடியோக்களில் அந்த ஆமையை யாரும் அறிமுகப்படுத்தியதில்லை. குனிந்து பார்த்தால், பின் அச்சு முழுக்க உளுந்துச் செடி கயிறு திரித்தது போலச் சுற்றியிருந்தது. அந்த அம்மாள் அரிவாளோடு அடியில் புகுந்தார்.

"அய்யய்யோ! செடி பூராவும் உள்ள போயிருச்சே! ஒரு மரக்கா உளுந்து இருக்கும் போலயே!"

அவருக்கு அவர் கவலை. அப்போது மனைவியின் போன் வந்தது.

"எங்கங்க இருக்கீங்க?"

"உளுந்துல."

"உளுந்து எதுக்குங்க இப்ப? வடை நாளைக்குத்தான?"

"உளுந்துல மாட்டிக்கிட்டேன். வண்டி நின்னுபோச்சு."

"சாப்பாடு?"

"அதுவும் கூடத்தான் நிக்குது."

அவள் திட்டவில்லை. இடத்தை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் தூரத்தில் கருப்பாகப் புகை தெரிந்தது. என் வாழ்க்கையில் புகையைக் கண்டு நான் மகிழ்ந்தது அன்றுதான். மனைவி கூப்பிட்டபோது லோடு ஆட்டோத் தம்பி குன்னத்தில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தாராம், அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் காற்று மாசு பற்றிப் பேசியவன் என்பதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. "அண்டாவ அந்தப் பக்கம் புடிங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

அவர் கேட்டுக்குப் போனபோது மணி ஒன்று. ஆட்கள் தட்டோடு நின்றிருக்கிறார்கள். அன்று மாலை சூப்பர்வைசர் மனைவிக்குப் போன் செய்தார். "சாப்பாடு அருமைங்க. ஆனா ஆளுங்க பசியில வேலை செய்ய முடியாது. நாளைக்கு நேரத்துக்கு வரலைன்னா, அதோட விட்டுருவோம்."

அன்றிரவு நான் மின்வாகனம் என்பதே ஒரு மோசடி என்று நிரூபிக்கத் தொடங்கினேன். விளம்பரம், ரேஞ்சு, ஆமை எல்லாவற்றையும் கிழித்தேன். மனைவி காது கொடுக்கவில்லை. லோடு ஆட்டோத் தம்பியைக் கூப்பிட்டு, மெக்கானிக் செடியை எடுத்துவிட்டார், வண்டி நன்றாக இருக்கிறது, காலையில் மட்டும் இதை ஓட்டித் தரமுடியுமா என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் சாப்பாடு பன்னிரண்டு ஐந்துக்குக் கேட்டில் இருந்தது. உளுந்து பரப்பிய இடத்தில் தம்பி இறங்கி, செடியைக் கவைக்கோலால் ஓரம் தள்ளச் சொல்லிவிட்டு, மெதுவாகத் தாண்டிப் போனாராம். ஆர்டர் என் மனைவிக்குக் கிடைத்தது. தம்பி அதே வண்டியில் தினமும் போய்வருகிறார். ஆமை ஒருநாளும் எரிந்ததில்லை. என் ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

போன வாரம், அந்த வெற்றியை நேரில் பார்க்கலாமென்று தேய்த்த சட்டையோடு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மனைவிக்கே இரக்கம் வந்துவிட்டது.

"தம்பி, சாரையும் கூட்டிட்டுப் போயிட்டு வாயேன்."

அவர் சார்ஜர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"வேணாங்கக்கா. வெயிட்டு கூடிரும், ரேஞ்சு கொறையும்."