பூமி பூஜைக்குப் போன திண்டு

ஜன்னல் கட்டையை ஆள்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுத்து, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள் ஹாஜிரா. விடிந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே அவளுக்கு இந்த வேலை. விரல் கறுத்திருக்கிறது. ஈரத்துணியால் கட்டையையும் கம்பிகளையும் துடைக்கிறாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கும் கணவர் அன்வர் பாஷாவின் கையைத் தூக்கி நகங்களைப் பார்க்கிறாள். நகம் வெளுப்பாக இருந்தால் டீ போடலாம். நீலம் பாய்ந்திருந்தால் முதலில் வெந்நீர், மற்றதெல்லாம் அப்புறம்.

கறுத்த விரலோடு அவள் வாசலுக்கு வந்தால் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் விடமாட்டாள்.

"என்னா பாயம்மா, விரல்ல மை வெச்சுட்டாங்களா? ஓட்டு யாருக்குப் போட்டீங்க?"

"மை வெச்சவனுக்குத்தான் போட்டன். அவன்தான் தெருவுக்கே மை வெச்சுட்டானே."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் எதிரே இருக்கும் ரைஸ் மில்லின் புகைபோக்கியைப் பார்ப்பார்கள்.

அன்வர் பாஷா தர்மபுரியில் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தவர். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழைய மெத்தையைப் பிரித்து, அடித்து, திரும்பத் தைத்துக் கொடுப்பார். இலவம் பஞ்சின் தூசி அவர் புருவத்தில் எப்போதும் ஒட்டியிருக்கும். அது நெஞ்சுக்குள்ளும் போய் ஒட்டியது தெரிந்தபோது அவருக்கு ஐம்பது கூட ஆகவில்லை. மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு தெருவைக் கடக்க முடியவில்லை. காசநோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு ஹாஜிரா கொஞ்சம் மூச்சு விட்டாள். காசநோய் என்றால் மருந்துக்கு அடங்கும், இது அடங்காது என்று அவர் அடுத்துச் சொன்னார். வீட்டில் பஞ்சு இருக்கக் கூடாது, புகை கூடாது, நல்ல காற்று வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. வில்லை விற்றாள். சந்தில் ஒண்டியிருந்த குடித்தனத்தைக் காலி செய்தாள். தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்த சமயம் அது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு சிறிய ஊரின் கடைசித் தெருவில் ஓட்டு வீடு ஒன்று மலிவாக வந்தது. அதற்கு அப்பால் வெறும் மேய்ச்சல் நிலம். அதற்கும் அப்பால் சித்தேரி மலை. மலை இருந்த கிழக்குப் பக்கத்தில் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. கொத்தனார் சவுரியப்பனைக் கூப்பிட்டுக் கட்டிலுக்கு நேராகச் சுவரை வெட்டி ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னாள்.

"மலைக்காத்து நேரா மனுசன் மூஞ்சில அடிக்கோணும், சவுரியண்ணா. காலுல அடிச்சிப் பிரயோசனமில்ல."

படுத்தால் அவருக்கு மூச்சு நின்றுவிடும்போல ஆகும். அதனால் உட்கார்ந்துதான் தூங்கவேண்டும். வெறும் சுவரில் சாய்ந்தால் மூச்சு வாங்கும். தலையணைகளை அடுக்கிப் பார்த்தாள், நடுச்சாமத்தில் சரிந்துவிடும். கடைசியில் கோடு போட்ட மெத்தைத் துணியில் ஒரு திண்டு தைத்தாள். வீட்டுக்குள் வந்த கடைசிப் பஞ்சு அதுதான். பஞ்சை முற்றத்துக்கும் வெளியே வைத்து, கல் மாதிரி இறுக்கித் திணித்து, இரட்டைத் தையல் போட்டு, ஈரத்துணியால் துடைத்து உள்ளே கொண்டுவந்தாள். முதுகுக்கு நேராக அதை வைத்து, முன்னால் மடியில் ஒரு பலகையை வைத்து, முழங்கை இரண்டையும் அதில் ஊன்றச் சொன்னாள். அன்று அவர் விடியும்வரை தூங்கினார்.

அந்த வீட்டில் மிளகாய் தாளிப்பதில்லை. கமறல் எடுத்தால் இருமல் அடங்க அரைநாள் ஆகும். குழம்பைக் கொதிக்கவைத்து இறக்கிவிட்டு, கரண்டியும் எண்ணெயும் மிளகாயுமாகச் செல்லம்மாள் வீட்டு அடுப்புக்குப் போவாள். தாளித்த கரண்டியைத் தட்டால் மூடிக்கொண்டு, பொரியும் சத்தத்தோடு தெருவில் ஓடி வருவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் என்னவோ ஏதோ என்று வழிவிட்டு ஒதுங்குவார்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டோடு வருகிற ஃபக்கீரைத் தெருமுனையிலேயே மறித்துக் காணிக்கை கொடுத்து அனுப்பிவிடுவாள். "துவாவ அங்கிருந்தே ஓதுங்க பாவா. அல்லாவுக்குக் கேக்கும். புகைதான் இங்க வரக் கூடாது."

இப்படி ஒரு புகையைக்கூட உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டவள்தான் திண்டைத் தூக்கிக் கொடுத்தாள்.

எதிரே இருந்த மேய்ச்சல் நிலத்தில் ஒரு துண்டு பச்சியப்பனுடையது. நெல் வியாபாரி. மரியாதை தெரிந்தவர். பூமி பூஜை போடுவதற்கு முதல் நாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கும்பிட்டு அழைத்தார். "கட்டடம் ஒன்னு ஆரம்பிக்கறங்க. அல்லாரும் வந்து நிக்கோணும்."

என்ன கட்டடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்கமாட்டார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவனை எங்கே, எதற்கு என்று கேட்டு நிறுத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று பயம். கெட்டால் பழி கேட்டவர்மேல். வீடாக இருக்கும், மிஞ்சினால் நெல் போட்டுவைக்கக் குடோனாக இருக்கும் என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள். அழைக்கப்பட்ட வீட்டார் வெறுங்கையோடு வருவதும் வழக்கம் இல்லை. செல்லம்மாள் குடமும் சொம்பும் கொடுத்தாள். சவுரியப்பன் வீட்டிலிருந்து பெஞ்சு போயிற்று. மறுநாள் காலை பச்சியப்பனின் ஆள் ஹாஜிராவின் வாசலில் வந்து நின்றான்.

"பஞ்சாயத்துப் பிரசிடெண்டு வர்றாருங்க. சாஞ்சிக்க ஒரு திண்டு இருந்தாக் குடுக்கச் சொன்னாங்க. ஒரு மணி நேரந்தான்."

ஹாஜிரா தயங்கினாள். அன்வர் பாஷாதான் திண்டிலிருந்து தானாக நகர்ந்துகொண்டார். "குடு ஹாஜிரா. நல்ல காரியம். நம்ம தெருவுக்கு வர்ற மனுசன்." அந்த ஒரு மணி நேரமும் அவர் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, வெளியே கேட்ட மணியோசையை ரசித்தார். திண்டு சந்தனக் கறையோடு திரும்பி வந்தது. வெற்றிலை பாக்கும் ஒரு வாழைப்பழமும் கூடவே வந்தன.

கட்டடம் இடுப்பளவு எழும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அங்கே கொத்து வேலை பார்த்த சவுரியப்பன் சாயங்காலம் கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றார்.

"பாயம்மா, அது வூடு இல்லீங்க. மில்லு. நெல்லு அவிக்கத் தொட்டி கட்டறாங்க. உமியப் போட்டு எரிக்கற அடுப்பு. புகைக்கூண்டு நம்ம தெருப் பக்கந்தான் வருது."

"எந்தப் பக்கம்னு நல்லாப் பாத்தீங்களா?"

"நாந்தானுங்களே கட்டறன்."

ஹாஜிரா அன்றைக்கே தெருவைத் திரட்டினாள். மனு எழுதப்பட்டது. தெருவே கையெழுத்தும் கைநாட்டும் போட்டது. சவுரியப்பனும் போட்டார், போட்டுவிட்டு மறுநாள் காலை கரணையை எடுத்துக்கொண்டு அதே கட்டடத்துக்கு வேலைக்குப் போனார். வேறு வேலை அந்த ஊரில் இல்லை.

பஞ்சாயத்து ஆபீசில் எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் மனுவை முழுசாகப் படித்தார். மரியாதையாக உட்காரச் சொன்னார். பிறகு ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பூமி பூஜையில் எடுத்தது. செல்லம்மாள் கையில் வெற்றிலையோடு நிற்கிறாள். தெருவே பின்னால் நிற்கிறது. நடுவில் பிரசிடெண்ட் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

"மில்லு வைக்கப் போறாங்க, ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கன்னு இந்த ஆபீசு செவுத்துல நோட்டீசு ஒட்டியிருந்தமே. ஒருத்தரும் வரல. பூஜைக்கு மட்டும் அல்லாரும் வந்திருக்கீங்க."

ஹாஜிரா போட்டோவில் விரலை வைத்தாள்.

"இது எங்க வூட்டுத் திண்டுங்க. எங்க வூட்டுக்காரரு மூச்சு வுடறதுக்குன்னு நான் தெச்சது. இது இல்லன்னா அவரால ஒக்கார முடியாது. அப்பிடிப்பட்ட ஆளு இருக்கற வூட்டுக்கு எதுத்தாப்ல புகைய வுட்டா என்னாங்க ஆவறது?"

"நானும் அதத்தாம்மா சொல்றன். பிரசிடெண்டு சாஞ்சிக்கத் திண்டு குடுத்ததே நீங்கதான். சம்மதம்னு இதுக்கு மேல எப்பிடிச் சொல்லுவாங்க?"

"என்னா கட்டறாங்கன்னு தெரியாதுங்க."

"கேட்டிருக்கலாமே."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப எப்பிடிங்க கேக்கறது?"

அவரும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான். அந்த வழக்கம் அவருக்கும் தெரியும். மனுவின் மூலையில் என்னவோ எழுதி மடித்து வைத்தார்.

தர்மபுரிக்குப் போய் மேலே சொல்லிப் பார்க்கலாம் என்றாள் செல்லம்மாள். போனால் ஒரு பகல் ஆகும். அந்தப் பகல் முழுக்க அன்வர் பாஷாவைத் தூக்கி உட்காரவைத்து, சளியைத் துப்பவைத்து, வெந்நீர் கொடுப்பது யார்? செல்லம்மாள் ஒருமுறை செய்து பார்த்தாள். அவர் கண் மேலே செருகியதைக் கண்டு பயந்து, மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஹாஜிராவை ஆள் விட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். அதற்குள் செல்லம்மாளின் மகனுக்கு மில்லில் வேலை கிடைத்தது. மற்ற வீடுகளுக்கு அடுப்பெரிக்க உமி இலவசமாக வந்தது. மனுவைப் பற்றித் தெருவில் பேச்சு நின்றது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஹாஜிராவும் சொல்லவில்லை.

வீட்டை விற்றுவிட்டுப் போகலாம்தான். மில்லுக்கு எதிரே வீடு வாங்க யார் வருவார்கள்?

மில் ஓட ஆரம்பித்த பிறகு மலைக்காற்றும் மாறிவிட்டது. காற்று எப்போதும்போலக் கிழக்கேயிருந்துதான் வருகிறது. புகைபோக்கியைத் தொட்டுக்கொண்டு வருகிறது. உமிச்சாம்பல் கொசுவைப் போல மிதந்து வந்து பாலில் விழுகிறது, போர்வையில் விழுகிறது, தூங்குகிறவரின் வெள்ளைத் தாடியில் விழுகிறது. காற்றுக்கென்று வைத்த ஜன்னலுக்குக் கதவே போடவில்லை. திறந்து விட்டால் சாம்பல். சாக்கைக் கட்டி மூடினால் அவருக்கு மூச்சு முட்டுகிறது. ஹாஜிரா ஒருமுறை பச்சியப்பனிடமே போய்ச் சொன்னாள். அவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு நான் என்னா பண்ணட்டும், பாயம்மா? பாய நெனச்சா எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது. வேணும்னா ஒன்னு பண்றன். கிழிஞ்ச சாக்கெல்லாம் உங்க வூட்டுக்கே அனுப்பறன். தெச்சுக் குடுங்க. வூட்ட வுட்டு நகராம வேல."

அவள் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த வாரம் சாக்கு வந்தபோது திருப்பி அனுப்பவில்லை. அரிசி வாங்கவேண்டுமே. தூசி உள்ளே போகாமல் இருக்கச் சாக்குகளைத் தெருக்கோடிக்கு எடுத்துப் போய் உதறி, புளியமரத்தடியில் உட்கார்ந்து கோணி ஊசியால் தைக்கிறாள். நாலு தையலுக்கு ஒருமுறை எழுந்து வந்து நகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

"யாரு மூட்டைய நான் தெக்கறன் பாத்தியா, செல்லம்மா?"

"எம் மவன் யாரு மூட்டையத் தூக்கறான்னு நீங்க பாத்தீங்களா?"

இந்தக் கார்த்திகையில் ஒரு நாள் காலையிலிருந்தே மலைக்காற்று பலமாக அடித்தது. ஹாஜிரா ஜன்னலில் ஈரச்சாக்கைக் கட்டினாள். காற்று அதைத் தூக்கி அடித்தது. பலகையை வைத்து அடைத்தாள். சுற்றிலும் இடைவெளி விட்டு நின்றது. சாம்பல் அந்த வழியாகச் சீறிக்கொண்டு உள்ளே வந்தது. அன்வர் பாஷா இருமத் தொடங்கினார். இருமி இருமிச் சத்தம் போய், தோள் மட்டும் குலுங்கியது. உதடு நீலமாகிவிட்டது.

அவள் அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"கொஞ்சம் முன்னால சாயுங்க," என்றாள்.

அவர் பலகைமேல் குனிந்தார். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து திண்டை உருவி எடுத்து ஜன்னலில் வைத்து இரண்டு கையாலும் குத்தித் திணித்தாள். அளவு எடுத்துத் தைத்ததுபோல அது பொருந்திக்கொண்டது. அறை இருண்டது. சாம்பல் நின்றது, காற்றும் நின்றது.

"ஹாஜிரா," என்றார் அவர், மூச்சுக்கு நடுவில். "நான் எதுல சாயறது?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலில் ஏறினாள். அவர் முதுகோடு தன் முதுகை ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சுவரில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.