பறக்கும் நேரம் நான்கு மணி

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதம். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா திடீரென்று தவறிப்போனார். அம்மாவுடன் பிறந்தது ஒரே தம்பி. துபாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வழக்கத்தில் பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுச் சேலையான கோடியைப் போடாமல் பெண்ணின் உடலைத் தூக்க மாட்டார்கள். "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி பிளைட்டு தாயி. அக்கா மொகத்தப் பாக்காம எடுத்துறாதீக" என்று மாமா போனில் கதறினார்.

வீட்டில் போனை நோண்டத் தெரிந்தவள் நான்தான். துபாய்க்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினேன். பறக்கும் நேரம் நான்கு மணி என்று காட்டியது. அப்படியானால் நாலு மணிக்கு இறங்குவார். ஏர்போர்ட்டிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக வர ஒன்றே கால் மணி நேரம். "அஞ்சே காலுக்கு மாமா வாசல்ல நிப்பாக" என்று, காரியத்தை முன்நின்று நடத்திய பெரியப்பாவிடம் அடித்துச் சொன்னேன். அவ்வளவு நம்பிக்கை!

மறுநாள் ஐந்தரை ஆகியும் ஆள் வரவில்லை. அவர் போனும் அணைந்தே கிடந்தது. "பொழுது சாயுது. வருவாகளோ மாட்டாகளோ, எத நம்பி வச்சிருக்க?" என்றார் பெரியப்பா. அம்மா பிறந்த வீட்டுப் பங்காளி ஒருவர் கோடி போட, அம்மாவைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. "தாயி, பிளைட்டு கரெக்ட் டயத்துக்கு எறங்கிருச்சு. இந்தா, வெளிய வந்துட்டேன்."

கரெக்ட் டயமா? அப்போதுதான் உறைத்தது. மாமா சொன்ன பன்னிரண்டு துபாய் நேரம். நம் ஊரில் அப்போது மணி ஒன்றரை. அடிப் பாவி, இதைக்கூட யோசிக்கவில்லையே! பதறிப்போய்ப் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "இப்பத்தானம்மா கொள்ளி வச்சோம்" என்றார்.

மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நாந்தான் மாமா நேரத்தத் தப்பாச் சொல்லிட்டேன்" என்று அழுதேன். அவர் அப்படியே போனை வைத்துவிட்டார்.

ஏழேகாலுக்கு வந்தார். கழுவி விட்ட வாசலில், கையில் சேலைப் பையோடு அப்படியே நின்றார். பெரியப்பா கோபத்தில் பிடித்துக்கொண்டார்: "என்ன மாப்ள, ஒங்களுக்காக எம்புட்டு நேரந்தான் காத்துக் கெடக்கிறது?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிளைட்டு லேட்டாயிருச்சு மச்சான்" என்றார்.

பிறகு தனியாகச் சுடுகாட்டுக்குப் போய், எரிந்துகொண்டிருந்த அக்கா மேல் அந்தச் சேலையைப் போட்டுவிட்டு வந்தார்.

அக்காவைக் கடைசியாகப் பார்க்க நேரத்துக்கு வராத தம்பி என்று இன்றும் ஊரில் அவரைத்தான் குறை சொல்கிறார்கள். அவர் வாயே திறப்பதில்லை. நானும் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பழி என்னுடையது என்பதை முதன்முதலாக இங்கேதான் எழுதுகிறேன்.