பீரோவில் இருந்த பூப்பந்துகள்

எங்கள் பி.டி. சாரை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் "பாவம், வயசானவர்" என்று யாரும் என்னிடம் வர வேண்டாம்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளி. பெண்கள் பூப்பந்து டீமில் ஐந்து பேர். வலை கிழிசல், மட்டை நரம்பு தளர்ச்சி, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பந்துதான் கொடுமை. மஞ்சள் கம்பளி நூல் பிய்ந்து, எடை குறைந்து, கோழிக்குஞ்சு மாதிரி சிலிர்த்துக்கொண்டிருக்கும். அடித்தால் காற்று இழுத்த பக்கம் போகும். புதுப் பந்துகள் பெட்டி பெட்டியாக சார் அறை பீரோவில் இருந்தன. கேட்டால், "இன்ஸ்பெக்‌ஷன் வந்தா இன்னாத்த காட்றது?" என்பார். சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும்.

எங்கள் கேப்டன் என் வகுப்புக்காரி. கரும்பு வெட்டுகிற குடும்பம். மாவட்ட டீமுக்குத் தேர்வானால் மேலே படி, இல்லாவிட்டால் கரும்புக்கு வந்துவிடு என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் எங்களை விரட்டி விரட்டி ஆட வைத்தாள்.

கள்ளக்குறிச்சியில் தேர்வுப் போட்டி. அங்கே போட்டது புத்தம் புதுப் பந்து. கனமாக இருந்தது, மட்டையில் பட்டதும் பறந்தது. பிய்ந்த பந்துக்குப் பழகிய கை என்ன செய்யும்? அவள் அடித்ததெல்லாம் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அத்தனை ஸ்கூல் பிள்ளைகள் முன்னால் சார் சொன்னார்: "இதுங்களுக்குப் புதுப் பந்து ஒண்ணுதான் கேடு. பழசே ஜாஸ்தி."

மாவட்ட டீம் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மறு வாரம் அவள் பள்ளிக்கும் வரவில்லை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போகிற டிராக்டரில் வெட்டுக்கத்தியோடு அவள் நின்றுகொண்டு போனதைப் பார்த்தேன். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என்றைக்காவது இந்த மனுஷனை நாலு பேர் முன்னால் நிற்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே கருவிக்கொண்டேன்.

நான் படித்து பி.டி. டீச்சரானேன். ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் அதே பள்ளிக்கு மாற்றல். முதல் வேலையாக பீரோவைத் திறந்தேன். பெட்டிகள் அப்படியே இருந்தன. ஒன்றைப் பிரித்தேன். பூச்சி அரித்து நூல் பொடியாகக் கொட்டியது. அடுத்ததும் அதே கதி. தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. திரும்பப் பூட்டிவிட்டு, விளையாட்டு விழாவுக்கு, ரிடையராகிப் போயிருந்த அந்த சாரையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிடலாம் என்று ஹெச்.எம்.மிடம் போய் நின்றேன்.

வந்தார். வேட்டி சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. கேப்டனும் வந்திருந்தாள். அவள் மகள் இப்போது என் டீமில் ஆடுகிறாள். முதல் பந்தை சார்தான் அடித்துத் தொடங்கி வைப்பார் என்று மைக்கில் சொல்லிவிட்டு, மட்டையைக் கொடுத்துப் பெட்டிகளை நீட்டினேன். பார்த்ததுமே அவருக்குப் பெட்டிகளை அடையாளம் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னுமா கீது இதெல்லாம்? பாத்தியாம்மா, ஒண்ணு கூட காணாமப் போவல. நான் வெச்ச மாதிரியே கீது."

"ஆமாங்க சார். இன்ஸ்பெக்‌ஷன்தான் இன்னும் வரல. நீங்களே பாத்துடுங்க."

அடித்தார். பந்து மட்டையிலேயே பிரிந்து, சட்டையெல்லாம் மஞ்சள் தூள். பிள்ளைகள் சிரித்தார்கள். "பரவால்லைங்க சார், இன்னொண்ணு கீது" என்று அடுத்ததைக் கொடுத்தேன். அது பொத்தென்று காலடியில் விழுந்தது. இன்னொன்று கொடுத்தேன். போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் விடவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கடைசிப் பெட்டி மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. பிரித்தேன். பூச்சி படாத பந்து, பளிச்சென்று வந்தது. கேப்டன் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள். மகளின் மட்டையை எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, சாருக்கு எதிரே வலைக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஒரே அடி. பந்து வலையைத் தாண்டிப் போய், அவர் காலுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

"இப்பவே நல்லாத்தாங்க கீது சார்," என்றாள். "அப்ப எப்பிடி இருந்திருக்கும்."